நாலில் ஒன்று

கொலஸ்ட்ரால் பார்க்கும் நாளில் என் சட்டையில் ஓட்டை விழும். ஆசிட் தெறிக்கும். அதற்கென்றே ஒரு பழைய சட்டை வைத்திருந்தேன். இன்று லேப் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மெஷினில் வைக்கிறீர்கள், எண் வருகிறது. அதனால் வேலை எப்படிச் செய்வது என்று நான் எழுதப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் படித்தது எட்டாவது. தேனியில் ஒரு டாக்டர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள். ரத்தம் எடுக்கவும் சோதிக்கவும் டாக்டர்தான் பழக்கினார். அவர் பெயரை எழுதவில்லை. அவருக்கு அது பிடிக்காது.

முப்பத்தோரு வருடம் அந்த லேபில் இருந்தேன். தப்பு நிறையச் செய்தேன். பெரும்பாலும் திருத்திக்கொள்ள முடிந்தது. திருத்த முடியாத ஒன்றைத்தான் எழுதுகிறேன். ஒரு குடும்பம். அந்த வீட்டு மூத்த மகளை யாருக்குக் கட்டிக்கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். அவளுக்குப் பிறக்கும் பிள்ளை பிழைக்குமா என்பது அதில் இருந்தது. நான் பதில் சொன்னேன்.

முதலில் எங்களிடம் வந்தது அந்த வீட்டின் கடைசிப் பிள்ளை. முருகேஸ்வரி. ஒன்பது வயது. பண்ணைப்புரத்துக்கு அந்தப் பக்கம், மலையடியில் ஊர். அப்பா தங்கவேல் மானாவாரியில் கடலையும் சோளமும் போடுகிறவர். அம்மா ராமுத்தாய். தங்கவேலுக்கு ராமுத்தாய் சொந்த அக்காள் மகள். அந்தப் பக்கம் அது சாதாரணம். தாய்மாமன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

பிள்ளையின் விரலிடுக்கிலும் முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சளாகக் கட்டிகள். சில கடலைப்பருப்பு அளவு. சில நெல்லிக்காய் அளவு. குதிகாலுக்கு மேலே நரம்பு என் கட்டைவிரல் தடிமனில் இருந்தது. மரு என்று நினைத்து மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டிருக்கிறார்கள். குதிரை மயிரைக் கட்டி அறுக்கப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒன்று சீழ் வைத்துவிட்டது. அதனால்தான் எங்களிடம் வந்தார்கள்.

டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொலஸ்ட்ரால் எழுதிக் கொடுத்தார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவர் அதை எழுதி நான் பார்த்ததில்லை.

அந்தச் சோதனையில் பச்சை நிறம் வரும். பச்சை எவ்வளவு அடர்த்தியோ கொழுப்பு அவ்வளவு. அவளுடையது கறுப்பாக வந்தது. மீட்டர் முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஆசிட் கெட்டுவிட்டது என்று வேறு பாட்டில் திறந்தேன். அதே கறுப்பு. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தைப் பாதியாகக் குறைத்தேன். பிறகு கால்வாசி. அப்போதுதான் முள் நடுவில் வந்து நின்றது. நூற்றித் தொண்ணூறு. கால்வாசி எடுத்திருப்பதால் நாலால் பெருக்க வேண்டும். பெருக்கினால் எழுநூற்று அறுபது.

நான் அதுவரை பார்த்த பெரிய எண் முந்நூற்றைம்பது. இது கம்பங்கூழ் குடிக்கிற பிள்ளை. என் கைதான் எங்கேயோ பிசகியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். பெருக்காமல் நூற்றித் தொண்ணூறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எட்டாவது படித்தவன் எழுநூற்று அறுபது என்று எழுதினால் டாக்டர் சிரிப்பார் என்று பயம். வேறு காரணம் இல்லை.

அவர் சீட்டைப் பார்த்தார். பிள்ளையின் முழங்கையைப் பார்த்தார். எழுந்து லேபுக்குள் வந்தார். டியூப்களை நான் இன்னும் கழுவவில்லை. கறுப்பு டியூபை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யாருது?"

"அந்தப் பிள்ளையோடதுங்கய்யா."

"எம்புட்டு சீரம் எடுத்த?"

சொன்னேன்.

"அப்ப நாலால பெருக்கலையா?"

"பெருக்குனா நம்புற மாதிரி இல்லைங்கய்யா."

அவர் திட்டவில்லை. "நம்புறதும் நம்பாததும் என் வேலைய்யா. உனக்கு எதுக்கு அது?" என்றார். பேனாவை என்னிடமே கொடுத்துத் திருத்தி எழுதச் சொன்னார்.

கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். எண் அசிங்கமாக இருந்தாலும் எழுதுங்கள். இது சுலபமான பாடம். அந்தத் தப்பு அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

மறுநாள் டாக்டர் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். என்னை உட்காரச் சொல்லி விளக்கினார். ரத்தத்தில் ஓடும் கொழுப்பை உடம்பு எடுத்துச் செலவழிக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வேலை பாதிதான் நடக்கும். அவர்கள் வெளியே நன்றாகத்தான் இருப்பார்கள். நாற்பது, ஐம்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். அப்படி ஒரு பாதிக் குறைக்காரனும் ஒரு பாதிக் குறைக்காரியும் கட்டிக்கொண்டு, இரண்டு குறையும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு வேலை நடக்கவே நடக்காது. கொழுப்பு தோலுக்கடியில் கட்டியாகும். நெஞ்சு ரத்தக்குழாயையும் அடைக்கும்.

தங்கவேலின் அக்காள், அதாவது ராமுத்தாயின் அம்மா, களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருக்கும்போது நெஞ்சு அடைத்துச் செத்தவள் என்று ராமுத்தாய் முதல் நாளே சொல்லியிருந்தாள். இப்போது எனக்குப் புரிந்தது.

இதுக்கு மருந்து என்னங்கய்யா என்று கேட்டேன். இல்லை என்றார். எத்தனை வயது வரை என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மூடினார். குடும்பத்தில் எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், வரச் சொல் என்றார்.

எப்போது வரச் சொல்வது என்பதை என்னிடம் விட்டுவிட்டார். சோதனைக்கு மருந்து கலந்தால் அன்றே தீர்த்தாக வேண்டும். மறுநாளைக்கு ஆகாது. அதனால் எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். வெறும் வயிற்றோடு, முதல் பஸ்ஸில்.

ஒன்பது பேர் வந்தார்கள். தங்கவேல், ராமுத்தாய், அவர்களுடைய நாலு பிள்ளைகள், ராமுத்தாயின் தம்பி முத்தையா, தங்கவேலின் தம்பியும் அவர் மனைவியும். முத்தையாவுக்கு இருபத்தைந்து வயது. ஏலத்தோட்டத்து வேலைக்கு வாரம் ஒருமுறை நடந்தே மலை ஏறி இறங்குகிறவன். கை உருட்டுக்கட்டை மாதிரி இருந்தது. நான் ஊசியை எடுத்ததும், "பூராத்தையும் உறிஞ்சிப்புடாதீகண்ணே. ஏலக்காட்டு அட்டைக்குக் கொஞ்சம் மிச்சம் வையிங்க" என்றான். அவன் அக்காள் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மூத்தவள் பாண்டியம்மாள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பதினேழு வயது.

அன்று நான் கழுவிய டியூப்கள் எனக்கு இன்னும் நினைவு இருக்கிறது. ஐந்து டியூப் அடர்பச்சை. தங்கவேல், ராமுத்தாய், முத்தையா, பாண்டியம்மாள், பையன்கள் இரண்டு பேரில் சின்னவன். ஐந்து பேருக்கும் முந்நூற்றுக்கு மேல். கறுப்பு, முருகேஸ்வரிக்கு மட்டும். தங்கவேலின் தம்பிக்கும் அவர் மனைவிக்கும் பெரிய பையனுக்கும் ஒன்றுமில்லை. ஒரே வீட்டு அடுப்பில் ஒரே கூழைக் குடிக்கிறவர்கள்.

டாக்டர் சொன்னபோது தங்கவேலுக்குக் கோபம் வந்தது. நெய்யைக் கண்ணால் பார்த்தே வருசமாச்சு, எங்கள் ரத்தத்தில் எப்படிக் கொழுப்பு வரும் என்றார். பெஞ்சில் தேனி பஜார் பலசரக்கு மண்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பயந்த ஆள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து சோதித்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கொழுப்பை உருக்கிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறவர். அவருக்கு நூற்று அறுபதைத் தாண்டியதே இல்லை. அவரே வாயைத் திறந்து அதைச் சொன்னார்.

"எங்கப்பன் எனக்குன்னு ஒரு குழி நிலம் வைக்கலய்யா. இந்த ரத்தத்தைத்தான் வச்சிட்டுப் போயிருக்கான்."

எல்லோரும் சிரித்தோம். தங்கவேல் சிரிக்கவில்லை. "அப்ப எங்கப்பன் எனக்கு வச்சது இதுதானா?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் ஆமாம் என்றார்.

ஒன்பது பேரும் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து, கையை மடக்கிக்கொண்டு வரிசையாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்களும் பார்த்தார்கள். உத்தமபாளையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது அங்கே இருந்தவர்களும் பார்த்தார்கள்.

பாண்டியம்மாளுக்கு அப்போது வடுகபட்டியில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தண்ணீர் பாயும் நிலம் இருந்தது. மானாவாரிக்காரருக்கு அது பெரிய விஷயம். அதனால்தான் தங்கவேல் வெளியே கொடுக்கச் சம்மதித்திருந்தார். முத்தையாவும் விட்டுக்கொடுத்திருந்தான். டாக்டருக்கு அது தெரிந்ததும் நல்லதாப் போச்சு, அங்கேயே செய்யுங்கள் என்றார். பாண்டியம்மாளும் முத்தையாவும் கட்டிக்கொண்டால் இன்னொரு முருகேஸ்வரி பிறக்கலாம் என்று தங்கவேலிடம் சொன்னார். தங்கவேல் தலையாட்டினார்.

இருபது நாளில் வடுகபட்டிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மொத்தக் குடும்பத்துக்கும் ரத்தத்தில் சீக்கு என்று அவர்கள் காதுக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு வேறு யாரும் பெண் கேட்டு வரவில்லை.

ஒவ்வொருவராக ஒவ்வொரு நாள் வரச் சொல்லியிருக்கலாம். மருந்து வீணாகும் என்று பார்த்தேன்.

முருகேஸ்வரிக்கு டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். முட்டை, கறி, நெய், தேங்காய் எதுவும் கூடாது. அந்தப் பிள்ளை அதை அப்படியே கடைப்பிடித்தாள். ஊர்ப் பொங்கலுக்கு வீட்டில் கிடாய் வெட்டியபோது வாசலைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டாளாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ராமுத்தாய் அழைத்து வருவாள். எழுநூற்று நாற்பது. எழுநூற்று இருபது. மறுபடி எழுநூற்று நாற்பது. அவ்வளவுதான்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "நான்தான் ஒண்ணுமே திங்கலியே. அப்புறம் எங்கிட்டிருந்து வருது?"

"உள்ளேயே ஊறுது ஆத்தா."

"கெணறு மாதிரியா?"

"அப்படித்தான்."

முழங்கைக் கட்டியைத் தடவிப் பார்த்தாள். "அப்ப நான் முட்டை திங்கலாம்ல?"

டாக்டரைக் கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றுதான் அவர் சொல்வார். அது எனக்குத் தெரியும்.

இனி என் தப்பு.

டாக்டர் மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் மதுரைக்குப் போயிருந்தார். அவசரத்துக்கு வேறொரு டாக்டர் வந்து பார்த்தார். லேபில் நான் மட்டும். அந்தப் பத்து நாளில் ஒருநாள் ராமுத்தாய் தனியாக வந்தாள். டாக்டர் இல்லை என்றதும் திரும்பிப் போகவில்லை. லேப் வாசலில் வந்து நின்றாள்.

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். வெளியே யாரும் பாண்டியம்மாளை எடுக்க மாட்டார்கள். முத்தையா எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். தங்கவேல் டாக்டர் பேச்சை நினைத்துத் தயங்குகிறார். வருகிற முகூர்த்தத்தை விட்டால் ஆடி வந்துவிடும், பிறகு அறுப்பு, தள்ளிப்போய்விடும். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னாரா, இல்லை ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னாரா?

"நீங்கதான் அவுக கூடவே இருக்கீக. சொல்லுங்கண்ணே. குடுக்கலாமா, கூடாதா?"

டாக்டர் என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். இரண்டு பாதிக் குறைக்காரர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு இப்படி ஆகும் என்று. எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். அதைச் சொன்னேன். நாலு பிள்ளையில் ஒரு பிள்ளைக்கு வரும் என்றேன்.

ராமுத்தாய் விரலை மடக்கி எண்ணினாள். பாண்டியம்மாள், பெரியவன், சின்னவன், முருகேஸ்வரி.

"எனக்கு நாலு. ஒண்ணுக்கு வந்துருச்சு. சரியாத்தான இருக்கு?"

"சரிதான்."

"அப்ப பாண்டி ரெண்டோட நிப்பாட்டிக்கிட்டா வராதுல்ல? நாலு பெத்தாத்தான வரும்?"

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று எழுதுகிறேன், உண்மையில் கணக்குப் போட்டேன். நாலில் ஒன்று என்றால் இரண்டில் எவ்வளவு. அரை. அரைப் பிள்ளைக்கு எப்படி வரும்? வராது என்றுதான் எனக்கும் பட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருடமாக அந்த முகத்தில் நான் நல்ல வார்த்தை எதையும் போட்டதில்லை.

"ரெண்டுன்னா பயமில்ல" என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

டாக்டர் வந்ததும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் இருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். ஒன்றில் மட்டும் பேனாவால் புள்ளி வைத்தார். சுருட்டி என் கையில் கொடுத்துக் குலுக்கச் சொன்னார். ஒன்றை எடுக்கச் சொன்னார். புள்ளிச் சீட்டு வரவில்லை.

"இப்ப அந்தச் சீட்டை என்ன பண்ணுவ?"

"தனியா வைப்பேன்."

"வைக்கக் கூடாது. திரும்பவும் உள்ள போடணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு சீட்டும் மறுபடி உள்ள இருக்கும்யா. மொதப் பிள்ளைக்கே புள்ளி வரலாம். ரெண்டாவதுக்கும் வரலாம். நாலும் பெத்து ஒண்ணுக்கும் வராமப் போகலாம். போன பிள்ளைக்கு வந்துருச்சுன்னு இந்தப் பிள்ளைக்கு வராம இருக்காது."

நான் மறுபடி குலுக்கினேன். எடுத்தேன். வரவில்லை. மறுபடி எடுத்தேன். வந்தது. மறுபடி எடுத்தேன். வந்தது. சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டேன்.

என்றைக்குக் கல்யாணம் என்று கேட்டார். நாலு நாளில் என்றேன். அவரால் வரமுடியவில்லை. வார்டில் முடியாமல் ஆள் கிடந்தது. நான் பஸ் ஏறினேன்.

வீட்டு முன்னால் பந்தல்கால் ஊன்றியிருந்தது. ராமுத்தாய் சிரித்த முகத்தோடு வந்து கூட்டிப்போனாள். முருகேஸ்வரி உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் கெட்டியாக மருதாணி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டி தெரியாமல் சிவந்துவிடும் இல்லையா என்று என்னிடம் கேட்டாள். சிவக்கும் என்றேன்.

தங்கவேலிடமும் முத்தையாவிடமும் ராமுத்தாயிடமும் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்னது தப்பு என்றேன். டாக்டர் மாதிரி எனக்குச் சொல்ல வரவில்லை. காகிதம் கேட்டு வாங்கி, கிழித்து, குலுக்கிக் காட்டினேன். மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் வெறும் சீட்டு வந்தது. பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

முத்தையா சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினான்.

"அன்னைக்கு எங்கக்காகிட்ட ஒண்ணு சொன்னீக. அதை நம்பி பத்திரிகை குடுத்தாச்சு. இன்னைக்கு வந்து வேற சொல்றீக. நாளைக்கு என்னண்ணே சொல்லுவீக?"

கிழித்த சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டேன். தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டார். ராமுத்தாய் என்னைப் பார்க்கவே இல்லை.

பாண்டியம்மாள் பின்னால் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கையை நிறுத்தாமல் ஒன்று கேட்டாள்.

"இவுக வேணாம்னா வேற யாரு வருவாகய்யா?"

சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். சாப்பிடாமல் வந்திருந்தால் அது இன்னும் மோசம். ராமுத்தாய்தான் பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

உங்களிடம் சனங்கள் கேட்பார்கள். டாக்டரைக் கேட்கப் பயந்துகொண்டு உங்களைக் கேட்பார்கள். நீங்கள் அவர்கள் பாஷை பேசுகிறவர்கள். நீங்கள் சொல்வதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கொண்டுபோனதைப் பிறகு நீங்கள் போய்த் திரும்ப வாங்க முடியாது. நான் போய்ப் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து ஆறு மாதம் இருக்கும். தங்கவேல் ஒற்றையாளாக வந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தார். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் நடந்ததாம். முருகேஸ்வரி ஓடவில்லை. ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். நெஞ்சு வலிக்குது என்று டீச்சரிடம் சொன்னாளாம். டீச்சர் தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பதினோரு வயது.

தங்கவேல் அழவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசம்யா. ஒரு முட்டை கேட்டா. குடுக்கல."

டாக்டர் வெளியே வந்து அவர் தோளில் கை வைத்தார். தங்கவேல் தோளை நகர்த்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பாண்டியம்மாளுக்கு முதலில் பையன் பிறந்தான். தேனிச் சந்தைக்கு வந்த முத்தையா லேபை எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். பையன் கொழுகொழுவென்று இருக்கிறான், உடம்பில் ஒரு புள்ளி கிடையாது என்றான். நான் சந்தோஷம் என்றேன். ரத்தம் பார்க்கிறாயா என்று கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

ஒவ்வொரு வருடமும் அவர்கள் வராமல் இருக்கும்போது நல்ல சீட்டு விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஐந்தாறு வருடம் அப்படிப் போனது.

பிறகு பாண்டியம்மாள் வந்தாள். கூட யாருமில்லை. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. வயிற்றில் ஐந்து மாதம். முத்தையா மலை ஏறும்போது நெஞ்சு இறுக்கி, பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறானாம். இப்போது தோட்ட வேலைக்குப் போவதில்லையாம். அதைச் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு குழந்தையின் கையை என் மேசைமேல் வைத்து விரல்களை விரித்துக் காட்டினாள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மஞ்சளாகத் தடித்திருந்தது.

"தங்கச்சி முருகேசுக்கு இங்கனதான் மொதல்ல வந்துச்சு" என்றாள்.

ரத்தம் எடுத்தேன். குழந்தை அழுதது. சோதித்தேன். முதல் தடவையிலேயே கால்வாசிச் சீரம்தான் எடுத்தேன். பெருக்கி எழுதினேன். எழுநூறு. அவள் கேட்பதற்கு முன்னால் வாயாலும் சொன்னேன்.

அவள் குழந்தையின் கையில் இருந்த பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அடுத்த அறையில் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வரும்வரை இரு என்றேன். இருந்தாள். அப்புறம் தன் வயிற்றைக் காட்டிக் கேட்டாள்.

"இதுக்கு?"

"தெரியாது."

"ஒண்ணுக்கு வந்துருச்சுல்ல?"

"வந்தாலும் வராட்டியும் இதுக்குக் கணக்கு புதுசு ஆத்தா. வரலாம். வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கம்மாகிட்டயும் இந்தத் தெரியாதைச் சொல்லியிருக்கலாம்லய்யா."

டாக்டர் வருவதற்குள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தக் குழந்தை பன்னிரண்டு வயது வரை இருந்தாள் என்று உத்தமபாளையத்தில் ஒருவர் சொன்னார். முத்தையா அதற்கு முன்பே போய்விட்டான். வயிற்றில் இருந்தது ஆணா பெண்ணா, எந்தச் சீட்டு என்று எனக்குத் தெரியாது. அவர்கள் எங்களிடம் வரவில்லை. வேறு எங்கேயும் போனதாகவும் கேள்விப்படவில்லை.

இப்போது இதற்கு மாத்திரை இருக்கிறது, சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறீர்கள். சரி. அதற்கு முதலில் ரத்தம் எடுக்க வேண்டும். அந்த வீட்டில் இனி யாரும் கை நீட்ட மாட்டார்கள்.